கரையில் நடப்பதைத் தலைப்பாக எடுங்கள்: ராமநாதபுரம் கடலோர அங்கன்வாடி டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீளும் கடலோர ஊர்களில் அங்கன்வாடி நடத்தும் டீச்சர்களுக்கும், உதவியாளர் அக்காமார்களுக்கும், மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

இந்தக் கரையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். உங்கள் கையிலிருந்து வரும் பிள்ளைகள்தான் ஜூன் மாதம் என் வகுப்புப் பாயில் வந்து உட்காருகிறார்கள். பாட்டுப் பாடத் தெரிகிறது, கை கழுவத் தெரிகிறது, பக்கத்துப் பிள்ளை அழுதால் கூப்பிட்டுச் சொல்லத் தெரிகிறது. இதெல்லாம் தானாக வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். ஒரே அறை, ஒரே டீச்சர், இரண்டு வயதும் ஐந்து வயதும் ஒன்றாக உட்காரும் கூட்டம். அதற்கு நடுவே சத்துமாவுக் கணக்கு, எடை, உயரம், போஷன் டிராக்கர் செயலிப் பதிவு, வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது. இவ்வளவுக்கும் இடையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் நேரம் கண்டுபிடிக்கிறீர்கள். நன்றி சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். அங்கன்வாடிகளுக்கான ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தில் மாதத் தலைப்புகள் இருக்கின்றன. அந்தத் தலைப்புக்கான செயல்பாடுகளைத் திட்டமிட உட்காரும்போது சார்ட்டை விரித்து வைத்துத் தொடங்காதீர்கள். உங்கள் ஊர்க் கரையில் அந்த மாதம் என்ன நடக்கிறது, பிள்ளையின் கைக்கு என்ன எட்டுகிறது என்று பார்த்துத் தொடங்குங்கள். சார்ட் கடைசியில் வரட்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், நண்டின் படத்தைப் பார்த்த பிள்ளை “நண்டு” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறது. நண்டைக் கையில் பிடித்த பிள்ளை நிறுத்துவதே இல்லை. அது எந்தப் பக்கம் ஓடியது, கால் எத்தனை, எப்படிக் கடித்தது, அண்ணன் எப்படிக் கத்தினான் என்று பேசிக்கொண்டே போகிறது. ஒன்றாம் வகுப்பில் எனக்கு வேண்டியது இந்தப் பேச்சுதான். 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தில் என்னிடம் எத்தனை அட்டைகள் இருந்தாலும், பேச ஒன்றுமில்லாத பிள்ளைக்கு எழுத்தை எதன் மேல் ஒட்டுவது? முதலில் பொருள், பிறகு அந்தப் பொருளை வைத்து ஒரு விளையாட்டு, பிறகு படம், அப்புறம் வேண்டுமானால் எழுத்து. இந்த வரிசை மாறினால் எழுத்து மனப்பாடமாக வருகிறது, ஒரு லீவு முடிந்ததும் போய்விடுகிறது.

மீனை எடுத்துக்கொள்வோம். மீன் தலைப்பு என்றதும் வண்ணத் தாளில் மீன் வெட்டி, பஞ்சு ஒட்டி, எல்லாம் ஒரே மாதிரி சுவரில் தொங்கும். வெட்டியது டீச்சர், ஒட்டியதில் பாதி உதவியாளர் அக்கா. பிள்ளை செய்தது பசையைத் தொட்டது மட்டும். அதை விட்டுவிட்டு, காலையில் கரைவலை இழுத்த இடத்திலோ மார்க்கெட்டிலோ நாலு காரல், நாலு சூடை, ஒரு நகரை, ஒரு கணவாய் வாங்கி ஒரு தாம்பாளத்தில் வையுங்கள். செதிலை நகத்தால் சுரண்டட்டும். காரல் ஏன் வழுவழு என்று இருக்கிறது, நகரைக்கு மட்டும் ஏன் சொரசொரப்பு என்று விரல் சொல்லும். செவுளைத் தூக்கிப் பார்க்கட்டும். கணவாய்க்கு முள் எங்கே என்று தேடட்டும், உள்ளே இருக்கும் வெள்ளை ஓட்டினை நீங்கள் எடுத்துக் காட்டுங்கள். கெளிறும் திருக்கையும் மட்டும் வேண்டாம், அவற்றின் முள் விஷ முள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அந்தப் பாடத்தில் சேர்த்திதான்.

மறுநாள் அதே மீனைக் கணக்காக்கலாம். நம் கரையில் மீனைக் கூறு போட்டு விற்பதை இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள். களிமண்ணில் அவர்களே மீன் உருட்டட்டும். ஓலைப் பாயில் கூறு வைக்கச் சொல்லுங்கள். “எல்லாக் கூறும் ஒரே மாதிரி இருக்கணும்” என்று ஒரு விதி போட்டால் போதும். சமமாகப் பிரிப்பது, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது, எந்தக் கூறு பெரியது என்று சண்டை போடுவது எல்லாம் வந்துவிடும். பெரிய பிள்ளை ஒன்று ஏலக்காரராக நின்று விலை ஏற்றும், சின்னது கூடை தூக்கும். நூறு, நூற்றுப் பத்து, நூற்று இருபது என்று அவர்கள் ஏலம் கூவுவதைக் கேட்டால் எண்கள் இவர்கள் காதில் ஏற்கெனவே இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஏல விளையாட்டு ஒரு நாளில் முடியாது. முடிக்கவும் கூடாது. ஒரு மூலையில் பாய், கூடை, பழைய தராசு எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் அவர்களாகவே அங்கே போய்ப் போய் விளையாட்டை வளர்ப்பார்கள்.

ஒரு தலைப்புக்கு வாரத்துக்கு இருபது செயல்பாடு எழுதி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று போதும். ஆனால் அந்த மூன்றும் பிள்ளை திரும்பத் திரும்பச் செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும்.

வயதுக் கலப்புதான் திட்டமிடுவதில் பெரிய தலைவலி என்று பேசும்போதெல்லாம் சொல்கிறீர்கள். ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனிப் பாடம் தயாரிக்க யாராலும் முடியாது. ஒரே கூடையை வைத்து மூன்று வேலை யோசியுங்கள். கரையில் ஒதுங்கிய காலிச் சிப்பிகள், உள்ளங்கை அளவு பெரியவை, ஒரு கூடை நிறைய. இரண்டு வயதுப் பிள்ளை அதை வாளியில் போட்டுக் கொட்டும், மறுபடி போடும். அந்த வயதுக்கு அதுவே படிப்பு, அதைத் தடுத்து எண்ணச் சொல்ல வேண்டாம். மூன்று நான்கு வயது வெள்ளை ஒருபக்கம், கோடு போட்டது ஒருபக்கம் என்று பிரிக்கும். எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் சொல்லாதீர்கள். அது தானாக ஒரு முறை கண்டுபிடித்து, ஏன் என்று உங்களுக்குச் சொல்லட்டும். ஐந்து வயது சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கும், மணலில் கோலமாக வைக்கும், எண்ணும். திட்ட நோட்டில் கூடையின் பெயரை எழுதி, கீழே இந்த மூன்று வரி மட்டும் எழுதினால் அந்த நாளுக்கான திட்டம் ஆகிவிட்டது.

சிப்பி என்றதும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். சோவி (சோழி) மாதிரிச் சின்னச் சின்னதாக இருப்பவற்றை இரண்டு வயதுக்காரர்கள் இருக்கும் அறையில் தரையில் விடக் கூடாது. வாய்க்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் போய் அடைக்கும். இன்னொன்று, பவளப் பாறைத் துண்டு அழகாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வர வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தைக் காக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. உயிருள்ள சங்கையும் எடுக்க வேண்டாம், கூம்பு வடிவச் சங்குகளில் சில கொட்டினால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது காற்று. இதை நான் மிகவும் விரும்பிச் சொல்கிறேன். ‘பருவ காலங்கள்’ என்று நான்கு கட்டம் போட்டு, ஒரு கட்டத்தில் பனி கொட்டுவதாகப் படம் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகளுக்குப் பருவம் என்றால் காற்றுதான். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடித்தால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) அடங்கி இருக்கும். வடகிழக்கு வாடை வந்துவிட்டால் அப்படியே மாறிவிடும். அப்பா எந்தப் பக்கம் தொழிலுக்குப் போகிறார் என்பதே அதை வைத்துத்தான். ஆனி ஆடியில் முற்றத்தில் ஒரு கம்பு நட்டு, உச்சியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுங்கள். கீழே நாலு டப்பா: கடல் பக்கம், கோயில் பக்கம், ரோட்டுப் பக்கம், தோப்புப் பக்கம். உங்கள் ஊருக்கு எது பொருந்துமோ அது. தினமும் ஒரு பிள்ளை போய்த் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து அந்த டப்பாவில் ஒரு கல் போட வேண்டும். ஒரே நேரத்தில் பாருங்கள், ஏனென்றால் கரைக்காற்றும் கடற்காற்றும் பொழுதுக்குப் பொழுது மாறும். மாதக் கடைசியில் டப்பாவைக் கொட்டி வரிசையாக அடுக்கினால் எந்த வரிசை நீளம் என்று கண்ணுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் இதையே மறுபடி செய்யுங்கள். கற்கள் வேறு டப்பாவுக்குப் போயிருக்கும். காற்று திரும்பிவிட்டது என்று அவர்களே வந்து உங்களிடம் சொல்வார்கள். சரியாகத் திசை சொல்ல வேண்டும் என்பதில்லை, கவனித்தார்கள் என்பதே போதும்.

கூடவே ஓலைக் காற்றாடி. ஓலை முடையத் தெரிந்த பாட்டி இல்லாத ஊர் இந்தப் பக்கம் குறைவு. ஒரு காலைக்கு அவரை வரச் சொல்லுங்கள். கிலுகிலுப்பையும் காற்றாடியும் அவர் முடைவதைப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்க்கட்டும். அச்சாணிக்குக் கருவேல முள் வேண்டாம், ஈர்க்கு போதும்.

பனை இருக்கும்போது ‘தாவரங்கள்’ தலைப்புக்கு வெளியே தேட வேண்டியதே இல்லை. பங்குனி சித்திரையில் நுங்கு, தின்று முடித்த வெறும் காயில் நுங்கு வண்டி. ஆவணி புரட்டாசியில் பழம் விழும். அந்தக் கொட்டைகளை அங்கன்வாடி ஓரத்தில் மணல் குவித்துப் பாத்தி கட்டி, பிள்ளை ஒன்றுக்கு ஒரு கொட்டை என்று புதைக்க வையுங்கள். நடுவில் பொறுமை இழந்து ஒன்றைத் தோண்டுவார்கள். தோண்டட்டும், அதை வெட்டி, உள்ளே பஞ்சுபோல் இருக்கும் தவுனைக் கொடுங்கள். தை மாதம் மீதியைத் தோண்டினால் கிழங்கு. அவித்து எல்லோரும் தின்னலாம். விதைத்தது, காத்திருந்தது, தோண்டியது, தின்றது என்று நான்கு மாதம் ஓடும் ஒரு பாடம் இது, செலவே கிடையாது. காத்திருக்கப் பழகுவதை வேறு எந்த அட்டையிலும் கொடுக்க முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பெயின்ட் வாசம் அடிக்கும், வலை பழுது பார்ப்பார்கள். அது ‘வலை’க்கு ஏற்ற காலம். தடித்த கயிறு வலையில் ஒரு துண்டு வாங்கிப் பழைய சன்னல் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். கண்ணிக்குள் துணி நாடாவை விட்டு விட்டு இழுக்கச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்கத் தேவையான விரல் பலம் இதில்தான் வருகிறது. கோடு போட்ட நோட்டில் மூன்று வயதில் ‘அ’ எழுதுவதில் வருவதில்லை. பெற்றோர் எழுத்துக் கேட்டு உங்களை நெருக்குகிறார்கள் என்று தெரியும். அவர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு விரல் பலம் போதுமாம், எழுத்தை அவங்க பார்த்துக்குவாங்களாம் என்று. தங்கூசி (நைலான் நரம்பு) வலை மட்டும் வேண்டாம், விரலை அறுக்கும். தடைக்காலத்தில் சில அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். வலை முடிச்சு போடத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்.

‘நமக்கு உதவுபவர்கள்’ தலைப்பில் போலீஸ், டாக்டர், தபால்காரர் என்று படம் இருக்கும். இருக்கட்டும். ஆனால் விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கும் அம்மா அந்தச் சார்ட்டில் இல்லை. உப்பளத்துக்குப் போகும் அக்காவும் இல்லை, கருவாடு காய வைக்கும் பாட்டியும் இல்லை. பிள்ளை தன் வீட்டை அந்தச் சுவரில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? ஒரு பாசி எடுக்கும் அம்மாவை வரச் சொல்லி, மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டைக்கோரையும் கொஞ்சம் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒரு தராசுத் தட்டில் நிறுத்து, வெயிலில் காய வைத்து மறுநாள் அதையே நிறுக்கட்டும். எடை எங்கே போனது என்று கேட்டு விட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தேவையில்லை. விரலில் துணி சுற்றிக் காட்டச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அம்மாவின் வேலையை டீச்சர் மதிக்கிறார் என்பதை அந்தப் பிள்ளை அங்கேதான் முதலில் தெரிந்துகொள்கிறது.

‘வாகனங்கள்’ வரும்போது பாம்பன், மண்டபம் பக்கத்து டீச்சர்களுக்கு என்ன குறை? 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கதவுபோல் மேலே திறந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே ஏறுகிறது. செருப்புப் பெட்டி அட்டையும் சணலும் கொடுத்துப் பாலம் கட்டச் சொல்லுங்கள். கீழே தேங்காய்ச் சிரட்டைப் படகு போக வேண்டும். எப்படித் தூக்குவது என்று அவர்கள் யோசிக்கும்போது நீங்கள் பேசாமல் இருப்பதுதான் கஷ்டமான வேலை. தண்ணீர்த் தொட்டி வைத்து விளையாடினால் ஒரு நிமிஷம்கூட அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, முடிந்ததும் உடனே கவிழ்த்துவிட வேண்டும். சாண் அளவுத் தண்ணீரும் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

இந்தக் கரைக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. படகு விளையாட்டு நடக்கும்போது ஒரு பிள்ளை, “நேவி வந்து பிடிச்சிட்டுப் போயிட்டாங்க” என்று சொல்லும். இலங்கைக் கடற்படையைத்தான் சொல்கிறது. சில பிள்ளைகளுக்கு அது வீட்டில் நடந்த கதை. அப்போது விளையாட்டை நிறுத்தி வேறு பாட்டுக்குப் போய்விடத் தோன்றும். நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை அப்பாவைத் திரும்பக் கூட்டிவரும், இல்லையென்றால் அங்கேயே நிறுத்தும். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘குடும்பம்’ தலைப்பில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்று அச்சிட்ட படத்துக்குப் பதிலாக, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கல் எடுத்து வைக்கச் சொன்னால், யார் இருக்கிறார்கள், யார் தூரத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளையே வைத்துக் காட்டும். சில பிள்ளைகள் ஒரு கல்லைத் தள்ளி வைப்பார்கள். ஊரில் ஒரு படகு கரைக்கு வராத வாரத்தில், கடல் தலைப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மண், மாவு, தண்ணீர் என்று கைக்கு இதமானதைக் கொடுங்கள்.

பண்டிகையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நோன்புக் கஞ்சியும், பொங்கலும், கிறிஸ்துமஸ் குடிலும் ஒரே தெருவில் நடக்கும் ஊர்கள் நம்முடையவை. மூன்றும் உங்கள் வருடத் திட்டத்தில் இருக்கட்டும்.

மேற்பார்வையாளர்களுக்குத் தனியாகச் சில வரிகள். அங்கன்வாடிகளை நடத்தும், 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. நீங்கள் மையத்துக்கு வரும்போது எடைப் பதிவையும் உணவையும் பார்ப்பதுபோல், பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சுவர் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தால் டீச்சர் சுவரை நிரப்புவார், கூடை நிறைந்திருக்கிறதா என்று பார்த்தால் கூடையை நிரப்புவார். தலைப்பின் வரிசையைக் கரையின் காலத்துக்கு ஏற்ப முன்பின் மாற்றிக்கொள்ள டீச்சருக்கு வாய் வார்த்தையாக இல்லாமல் எழுத்திலேயே அனுமதி கொடுங்கள். 2022 அக்டோபரில் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், மூன்று முதல் எட்டு வயதுவரை விளையாட்டும் உள்ளூர்ப் பொருள்களுமே வழி என்கிறது. அதனால் இது விதிக்கு வெளியே போகிற காரியமில்லை. மாதக் கூட்டத்தில் பதிவேடு பார்த்து முடித்தபின் ஒரு மணி நேரம் டீச்சர்கள் ஒன்றாக உட்கார்ந்து அடுத்த மாதத்துக்கான மூன்று செயல்பாடுகளைப் பேசித் தீர்மானிக்க விடுங்கள். தொண்டியில் எது ஓடியது, மூக்கையூரில் எது ஓடவில்லை என்று அங்கேதான் தெரியவரும்.

தாராபாய் மோடக் 1945-ல் பாலர் கல்வியைக் கிராமத்துக்குக் கொண்டுபோகத் தேர்ந்தெடுத்த போர்டியும் ஒரு கடற்கரை ஊர்தான், மகாராஷ்டிரத்தில். அனுதாய் வாக் கூட இருந்து உழைத்தார். வாங்கிய சாமான்களைக் குறைத்து, அக்கம்பக்கத்தில் கிடைப்பதை வைத்தே சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே எடுத்துப் போனார்கள். பிறகு கோஸ்பாடில் வார்லி பழங்குடிப் பிள்ளைகளிடமும் அதையே செய்தார்கள். நீங்கள் இன்று நடத்தும் மையங்களுக்கு அவர்கள் முன்னோடிகள். அந்த வழியில் நடக்கத்தான் கேட்கிறேன்.

வரும் கல்வியாண்டுக்கான தலைப்புகளை எடுக்கும் முன், மே மாதத்தில் ஒரு நாள், பக்கத்தில் இருக்கும் தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு டீச்சரைக் கூப்பிடுங்கள். எங்களில் பலர் சந்தோஷமாக வருவோம். ஒரு காலண்டர், தடைக்காலம், காற்று மாறும் மாதம், பனம்பழம் விழும் மாதம், ஊர்த் திருவிழா எல்லாம் குறித்த ஒரு தாள், இவை போதும். அந்தத் தாளில் தலைப்புகளை இடம் மாற்றி எழுதிவிட்டால் வருடத் திட்டத்தில் பாதி முடிந்தது. கூடைகளுக்குச் சிப்பி பொறுக்க என் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்களிடம் படித்தவர்கள்தானே, தங்கள் டீச்சருக்கு என்றால் ஓடி வருவார்கள்.

அன்புடன்,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருத்தி,
ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து.